ஃபோர் கார்டில் ஏன் புளிக்கிறது? ப்ளூஸ் ஹார்ப்பில் லிக் கோளாறுகள்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் இரண்டு பேர் உட்காருவோம். நான் ஹார்மோனிகா (ப்ளூஸ்காரர்கள் வாயில் அது 'ஹார்ப்'), பக்கத்துத் தெருத் தம்பி கிட்டார். அவன் சர்ச்சில் வாசிக்கிறவன், காது கூர்மை. அன்றைக்கு ஜி-யில் ஒரு நிதானமான ப்ளூஸ் போட்டான். முதல் நாலு பார் (பாருக்கு நாலு பீட்) எனக்கே என்மேல் மரியாதை வருகிற மாதிரி வாசித்தேன். ஐந்தாவது பாரில் அவன் முகம் பச்சை மாங்காயைக் கடித்தது போல ஆனது. நிறுத்திவிட்டுச் சொன்னான்: "அண்ணாச்சி, நான் ஃபோருக்குப் போயாச்சுல்லா, நீங்க இன்னும் ஒன்லயே நிக்கியளே."

அப்போது என் நோட்டுப் புத்தகத்தில் நாற்பது லிக்காவது, அதாவது சின்னச் சின்ன வாசிப்புத் துண்டுகளாவது, எழுதி வைத்திருந்தேன். லிக் போதவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது இல்லை. கிட்டாரில் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறுகிற நொடியில் எந்த நோட்டில், அதாவது ஸ்வரத்தில், நிற்கிறேன் என்று ஒருநாளும் பார்த்ததில்லை. கீழே சொல்லப்போகிற கோளாறுகளில் பாதி அந்த ஒரே இடத்தில்தான் இருக்கிறது. உங்களுடையது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே போய்விடலாம், ஆனால் குறியீட்டை மட்டும் படித்துவிட்டுப் போங்கள்.

எல்லாம் 10 ஓட்டை டயடானிக் ஹார்ப்புக்கு, சி ஸ்ருதியில். எண் என்பது ஓட்டை, ஊ என்றால் ஊது, இ என்றால் இழு. ஊதினால் 1 முதல் 6 வரை சி, ஈ, ஜி, சி, ஈ, ஜி. இழுத்தால் டி, ஜி, பி, டி, எஃப், ஏ. பெண்ட் செய்து, அதாவது வாய்க்குள் நாக்கை நகர்த்தி ஸ்வரத்தைக் கீழே வளைத்து, அரைக் கட்டை இறக்கினால் 'அரை-3இ', ஒரு கட்டை இறக்கினால் 'முழு-3இ' என்று எழுதுகிறேன். பாட்டு ஜி-யில். பாட்டின் ஸட்ஜத்தில் நிற்கும் கார்டு ஒன், மத்யமத்தில் நிற்பது ஃபோர், பஞ்சமத்தில் நிற்பது ஃபைவ். ஆக ஒன் கார்டு ஜி, ஃபோர் கார்டு சி, ஃபைவ் கார்டு டி. பன்னிரண்டு பார் ஒரு சுற்று; ஒன்னில் தொடங்கி ஐந்தாவது பாரில் ஃபோர், ஒன்பதாவதில் ஃபைவ் வரும். மூன்றையும் செவன்த் (அந்தந்தக் கார்டின் கைசிகி நிஷாதம்) சேர்த்துத்தான் கிட்டார்காரர்கள் பிடிப்பார்கள்.

முதல் பாரிலிருந்தே ஒட்டவில்லை

லிக்கைக் குறை சொல்வதற்கு முன்னால் ஹார்ப்பின் மேல் போட்டிருக்கும் எழுத்தைப் பாருங்கள். பாட்டு ஜி என்றால் ஜி ஹார்ப்பை எடுப்பது எல்லோரும் செய்கிற தப்பு. ப்ளூஸில் பெரும்பாலும் கிராஸ் ஹார்ப், அதாவது இரண்டாம் பொசிஷன். பாட்டின் ஸட்ஜத்திலிருந்து சுத்த மத்யமம் எதுவோ அதுதான் ஹார்ப்பின் ஸ்ருதி. பாட்டு 5 கட்டை (ஜி) என்றால் ஹார்ப் 1 கட்டை (சி), பாட்டு 6 கட்டை என்றால் ஹார்ப் 2 கட்டை, பாட்டு 3 கட்டை என்றால் ஹார்ப் 6 கட்டை. கிட்டார்காரர்களுக்கு ஈ-யும் ஏ-யும் கைக்கு வசதி, அதனால் சி ஹார்ப்புக்கு அடுத்து ஏ-யும் டி-யும் வாங்கிவிடுங்கள். ப்ளூஸ் ஹார்ப் மேதை லிட்டில் வால்டர் 1952-ல் பதிவு செய்த 'ஜூக்' கூட ஏ ஹார்ப்பில் ஈ-தான்.

இந்த ஓட்டை அமைப்பைச் செய்த ஜெர்மன்காரர்கள் தங்கள் ஊர் நாட்டுப்பாட்டை ஊதி வாசிக்கத்தான் செய்தார்கள். இழுக்கிற பக்கத்தை ஸட்ஜமாக வைத்தால் வேறொரு கருவி கிடைக்கிறது என்று கண்டுபிடித்தது அமெரிக்கக் கறுப்பின வாத்தியக்காரர்கள். அப்படி வைத்துப் பெண்ட் எதுவும் இல்லாமல் 6ஊ-விலிருந்து ஏறிப்பாருங்கள், ஹரிகாம்போதி ஸ்வரங்கள் வரிசையாக வரும். ஊதும் பக்கத்தை ஸட்ஜமாக வைத்தால் சங்கராபரணம்.

பெண்ட் வரவே மாட்டேன் என்கிறது

பக்கவாட்டில் பாருங்கள். மேலும் கீழுமாக இரண்டு வரிசை ஓட்டை இருந்தால் அது ட்ரெமலோ என்கிற வேறு வகை ஹார்மோனிகா. கிறிஸ்துமஸ் கேரல் சுற்றுக்கு நம் ஊர்ப் பையன்கள் எடுத்துப்போவது பெரும்பாலும் அதுதான். குழைவாக, நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அதில் ஒவ்வொரு ரீடும் (காற்றில் அதிரும் உலோக நாக்கு) தனித்தனி அறையில் இருக்கிறது. ஊதும் ரீடும் இழுக்கும் ரீடும் ஒரே அறையில் இருந்து ஒன்றையொன்று இழுத்தால்தான் ப்ளூஸ் பெண்ட் உண்டாகும். நான் ஒரு வருஷம் ட்ரெமலோவோடு மல்லுக்கட்டினேன். கடையில் விற்றவர் "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று சொல்லியிருந்தார்.

ஐந்தாவது பாரில் புளிக்கிறது

இதுதான் தலையாய கோளாறு. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

முதல் நாலு பாரில் உங்கள் லிக் இப்படி இருந்திருக்கும்: 5இ 4இ 3இ 2இ. எஃப், டி, பி, ஜி. ஒன் கார்டின் நாலு நோட்டும் அப்படியே இறங்கி வருகிறது, இதைவிடப் பொருத்தமான லிக் கிடையாது. அதையே ஐந்தாவது பாரில் வாசித்தால் 5இ, 4இ வரை ஒன்றும் ஆகாது. 3இ-யில் கெடும்.

ஏன் என்று நம் காதுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். கச்சேரியில் தம்புரா ஸா-பா என்று அசையாமல் நிற்கிறது. அதற்கு மேல் அந்தர காந்தாரம் எவ்வளவு நேரம் நின்றாலும் தேன்தான். ப்ளூஸில் கிட்டார்தான் தம்புரா, ஆனால் அந்தத் தம்புரா எழுந்து நடக்கிறது. ஐந்தாவது பாரில் அது ஸட்ஜத்தை விட்டு மத்யமத்தில் போய் உட்காருகிறது. நீங்கள் அந்தர காந்தாரம் என்று நினைத்து வாசிக்கிற 3இ, அந்தப் புது இடத்திலிருந்து பார்த்தால் காகலி நிஷாதம். கிட்டார் பிடித்திருக்கும் சி செவன்த்துக்குள்ளேயோ கைசிகி நிஷாதம் இருக்கிறது. இரண்டு நிஷாதமும் ஒரே சமயத்தில் ஒலித்தால் புளிக்காமல் என்ன செய்யும்?

மருந்து ஒரு நோட்டில் இருக்கிறது. 3இ-யை அரைக் கட்டை இறக்குங்கள். பி போய் பி ஃப்ளாட் வரும், அதுவேதான் ஃபோர் கார்டின் செவன்த். 5இ 4இ அரை-3இ என்று வந்து 4ஊ-வில் முடியுங்கள். 4ஊ ஃபோர் கார்டின் வேர் நோட்டு. லிக் அதே லிக்தான், ஒரு நோட்டு அரைக் கட்டை நகர்ந்தது, முடிகிற இடம் மாறியது, அவ்வளவுதான். அந்த ஞாயிற்றுக்கிழமை இதை முதல்முறை சரியாக வாசித்தபோது தம்பி ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினான்.

அரை-3இ சுலபம் என்று பொய் சொல்ல மாட்டேன். மூன்றாம் ஓட்டையில் பி-க்குக் கீழே பி ஃப்ளாட், ஏ, ஏ ஃப்ளாட் என்று மூன்று படி இருக்கிறது. புதிதாக வாசிக்கிறவர்கள் முதல் படியில் நிற்க முடியாமல் வழுக்கி இரண்டாவதில் போய் விழுவார்கள். இழுத்துக்கொண்டே வாய்க்குள் 'ஈ' என்கிற வடிவத்திலிருந்து 'யூ'-வுக்கு நாக்கைப் பின்னால் கொண்டு போங்கள். உதடு இறுகக் கூடாது. கீபோர்டில் பி ஃப்ளாட்டை ஒரு தடவை அழுத்திக் கேட்டு, முதலில் தொண்டையில் முனகிவிட்டு, அப்புறம் ஹார்ப்பில் தேடுங்கள். முனகாமல் தேடினால் இருட்டில் சாவித்துவாரம் தேடுகிற கதைதான்.

ஒரு ஆறுதல் உண்டு. தவறி முழு-3இ வரை இறங்கிவிட்டாலும் அது ஏ, சி கார்டுக்கு ஆறாவது நோட்டு. கெடுக்காது, இனிப்பாகவே இருக்கும். பயந்து பயந்து பாதி இறக்கி நடுவில் தொங்குவதுதான் கெடுதல்.

பெண்ட் இன்னும் கைவரவில்லை என்றால் மூன்றாம் ஓட்டையில் இழுக்காமல் வண்டியை ஓட்டுங்கள். சி ஹார்ப்பில் எந்த ஓட்டையை ஊதினாலும் சி, ஈ, ஜி-தான் வரும். மொத்த ஹார்ப்பும் ஊதும்போது ஃபோர் கார்டு. 4ஊ 5ஊ 6ஊ 5ஊ 4ஊ என்று ஏறி இறங்கினாலே கார்டு மாறியது தெருவுக்கே தெரியும். கொஞ்சம் பால்வாடிப் பாட்டு மாதிரி இருக்கும், பரவாயில்லை. அதற்கு நடுவில் ஒரு 4இ-யைச் செருகினால் அந்தக் குழந்தைத்தனமும் போய்விடும்.

இன்னொன்று: ஃபோர் கார்டில் 5இ-யில் நீளமாக நிற்காதீர்கள். எஃப் அங்கே கார்டின் ஈ-யோடு முட்டும். தொட்டுவிட்டு 5ஊ-வுக்கோ 4இ-க்கோ வந்துவிட வேண்டும்.

ஒன்பதாவது பாரில் தப்பும் இல்லை, சரியும் இல்லை

கார்டு ஃபைவுக்குப் போய்விட்டது. நீங்கள் 2இ-யில் நிற்கிறீர்கள். 2இ நம் வீடு, எங்கே வழி தெரியாவிட்டாலும் கால் தானாக அங்கே போகும். ஆனால் டி கார்டுக்கு ஜி நாலாவது நோட்டு. சண்டை போடாது, ஆனால் உட்காராது. ஜங்ஷனில் இறங்க வேண்டியவர் பஸ் படிக்கட்டில் தொங்கிக்கொண்டே வண்ணார்பேட்டை வரை போகிற மாதிரி.

1இ அல்லது 4இ-க்குப் போங்கள், இரண்டும் டி. 4இ 5இ 6இ 5இ 4இ நல்ல லிக். இதில் 5இ கண்டிப்பான கணக்குப்படி டி கார்டின் மூன்றாவது நோட்டு இல்லை, அரைக் கட்டை கீழே. ஆனால் ப்ளூஸின் சோகமே அந்த அரைக் கட்டையில்தான் இருக்கிறது, அதைத் திருத்தாதீர்கள். சரியான எஃப் ஷார்ப்தான் வேண்டும் என்பவர்களுக்கு அரை-2இ இருக்கிறது.

நான் இப்போது பெரும்பாலும் செய்வது இன்னும் எளிது. நாக்கால் 2, 3 ஓட்டைகளை அடைத்துக்கொண்டு 1-ஐயும் 4-ஐயும் சேர்த்து இழுத்தால் இரண்டு ஸ்தாயியில் டி. பத்தாவது பாரில் அதே வாயை எடுக்காமல் ஊதினால் இரண்டு ஸ்தாயியில் சி, அதாவது ஃபோர் கார்டு. பதினோராவது பாரில் நாக்கை எடுத்துவிட்டு 2இ, வீடு வந்தாயிற்று. இழு, ஊது, வீடு. மூன்று அசைவில் மிகவும் கஷ்டமான மூன்று பார் முடிந்துவிடும். பன்னிரண்டாவது பாரில் மறுபடி ஃபைவ் வரும், அங்கே 1இ-யில் இறங்கி நின்றால் அடுத்த சுற்றுக்கு வாசல் திறந்திருக்கும்.

நோட்டு சரி, ஆனால் கார்டுக்குப் பின்னாலேயே ஓடுகிறேன்

கார்டு மாறுவதைக் கேட்டுவிட்டுப் பிறகு லிக்கைத் தேடினால் எப்போதும் ஒரு பீட் தாமதம்தான். லிக்கை கார்டு மாறும் இடத்தில் தொடங்காதீர்கள், அந்த இடத்தில் போய்ச் சேருகிற மாதிரி முன்கூட்டியே கிளம்புங்கள். நாலாவது பாரின் கடைசி இரண்டு பீட்டில் 4இ, அரை-3இ. ஐந்தாவது பாரின் முதல் பீட்டில் 4ஊ. கேட்கிறவர் காது பிடித்துக்கொள்வது அந்த முதல் பீட்டு நோட்டைத்தான். அதற்கு முன்னால் வழியில் வருகிறவை கொஞ்சம் முன்பின் இருந்தாலும் மன்னித்துவிடும்.

பயிற்சிக்கு லிக்கையே எடுத்துவிடுங்கள். பன்னிரண்டு பாருக்கும் ஒரு பாருக்கு ஒரு நோட்டு மட்டும், முதல் பீட்டில்: ஒன்னுக்கு 2இ, ஃபோருக்கு 4ஊ, ஃபைவுக்கு 4இ. ஒரு வாரம் இதையே செய்தால் சலித்துப்போகும், சலிக்கட்டும். அப்புறம் அந்த நோட்டுகளுக்கு நடுவே இரண்டு மூன்று நோட்டைத் தூவுங்கள். நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்த நாற்பது லிக்கும் அங்கேதான் உபயோகத்துக்கு வரும்.

எத்தனையாவது பார் என்றே தெரியவில்லை

பன்னிரண்டு பார், பாருக்கு நாலு பீட், மொத்தம் 48. நமக்குப் பழக்கமான கணக்கில் ஆதி தாளம் ஆறு ஆவர்த்தனம், நடை திஸ்ரம். முதல் இரண்டு ஆவர்த்தனம் ஒன், மூன்றாவது ஃபோர், நாலாவது ஒன். ஐந்தாவது ஆவர்த்தனத்தில் பாதி ஃபைவ், பாதி ஃபோர். ஆறாவதில் பாதி ஒன், பாதி ஃபைவ். பன்னிரண்டு வரை எண்ணுவதைவிட ஆறு வரை எண்ணுவது எனக்குக் கைவந்தது. இரண்டு கையும் ஹார்ப்பைப் பிடித்திருக்கும், தாளம் காலில்தான்.

எண்ணிக்கை சரியாக இருந்தும் இரண்டாவது பாரிலேயே புளித்தால், கிட்டார்காரர் 'க்விக் சேஞ்ச்' போடுகிறார். இரண்டாவது பாரில் ஒரு எட்டு ஃபோருக்குப் போய்விட்டு மூன்றாவதில் திரும்பி வரும் வழக்கம் அது. தொடங்குவதற்கு முன்னால் கேட்டுக்கொள்வதைத் தவிர வேறு மருந்து கிடையாது. எங்கள் தம்பி சொல்லாமல் போடுவான், அவனுக்கு அதில் ஒரு சந்தோஷம்.

எல்லாம் சரி, ஆனால் பரீட்சை எழுதுகிற மாதிரி இருக்கிறது

கார்டுக்குக் கார்டு லிக்கை மாற்றக் கற்றுக்கொண்டவர்களுக்கு அடுத்து வருகிற வியாதி இது. எனக்கும் வந்தது. ஒவ்வொரு கார்டுக்கும் பொருத்தமான, ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத லிக். கணக்கில் தப்பில்லை, கேட்க ஆளில்லை.

கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டவர்களுக்கு இதன் மருந்து ஏற்கெனவே தெரியும். வில்லடிக்கிறவர் ஒரு அடியை எடுத்துக்கொடுப்பார், பின்பாட்டுக்காரர்கள் அதையே வாங்கித் திருப்புவார்கள், இடையில் ஒரு "ஆமா". அந்த 'ஆமா'வை ஒவ்வொரு தடவையும் வேறு வேறு வார்த்தையில் சொன்னால் கூட்டம் எழுந்து போய்விடும். ப்ளூஸ் பாட்டின் கட்டுமானமும் கிட்டத்தட்ட இதுதான். முதல் அடி, அதே அடி மறுபடியும், மூன்றாவதாகப் பதில் அடி. ஆகவே முதல் நாலு பாரில் ஒரு லிக்கைச் சொல்லுங்கள், ஃபோர் கார்டில் அதே லிக்கை, மூன்றாம் ஓட்டையில் மட்டும் கைவைத்துத் திரும்பச் சொல்லுங்கள், ஒன்பதாவது பாரில் பதில் சொல்லுங்கள். சொன்னதையே சொன்னாலும் கீழே கார்டு மாறியிருப்பதால் அதன் முகம் மாறும். அதைக் கேட்பதற்காகத்தான் ஆட்கள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

மூன்றாம் ஓட்டையைக்கூடக் கார்டுக்குக் கார்டு மாற்றக் கூடாது என்றால் எந்தக் கார்டுக்கும் ஒரே லிக் வாசிக்க வழி உண்டு. 2இ, அரை-3இ, 4ஊ, 4இ, 5இ, 6ஊ. ஸ்வரமாகப் பார்த்தால் சுத்த தன்யாசி. இடையில் அரை-4இ-யைச் சேர்த்தால் இரண்டு மத்யமமும் வந்து ப்ளூஸ் ஸ்கேல் ஆகிவிடும். இதில் அந்தர காந்தாரமே இல்லை, அதனால் ஃபோரில் புளிக்க வழியில்லை. ஆனால் இரண்டு மணி நேரம் இதிலேயே வாசித்தால் ஒன் கார்டின் இனிப்பு வராமலே போகும். 3இ-யை ஒன் கார்டில் பெண்ட் இல்லாமல் விடும்போது கிடைக்கிற அந்த வெளிச்சம் எனக்கு வேண்டும்.

பாடுகிறவர் கூட இருந்தால் வேலை இன்னும் குறைவு. ஒவ்வொரு அடியும் இரண்டு பாரில் முடிந்துவிடும், அடுத்த இரண்டு பார் உங்களுக்கு. உங்கள் முறை வருவது 3-4, 7-8, 11-12. கவனித்துப் பாருங்கள், மூன்று இடத்திலும் கீழே இருப்பது ஒன் கார்டு, கடைசி பாரில் மட்டும் ஃபைவ். கார்டு மாற்றத்தின் தலைவலியெல்லாம் பாடுகிறவருக்கு. நீங்கள் அவர் பாடும்போது வாயை எடுத்துவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு இன்னும் முடியாதது அது ஒன்றுதான்.

மூன்றாவது சுற்றில் மூச்சு முட்டுகிறது

கிராஸ் ஹார்ப்பில் பெரும்பாலும் இழுப்புதான், நெஞ்சு காற்றால் நிரம்பிவிடும். காற்று போதாமல் முட்டுவதாக நினைத்து இன்னும் இழுக்காதீர்கள். ஃபோர் கார்டு வரும்போது ஊதும் லிக்காகத் தேர்ந்தெடுங்கள், ஐந்தாவது, ஆறாவது பாரில் வெளியே விட்டுவிடலாம். மற்ற இடங்களில் மூக்கு வழியாக.

மைனர் பாட்டில் எதுவுமே சேரவில்லை

மைனர் ப்ளூஸில் ஒன் கார்டிலேயே சாதாரண காந்தாரம்தான் இருக்கும், ஆகவே 3இ முதல் பாரிலேயே கெடுக்கும். மூன்றாம் பொசிஷனுக்குப் போங்கள்: பாட்டு ஹார்ப்பைவிட ஒரு கட்டை மேலே. சி ஹார்ப்பில் டி மைனர், வீடு 4இ. பெண்ட் இல்லாமலே கரகரப்பிரியா ஸ்வரங்கள் வரும். ஆனால் ஃபோர் கார்டும் மைனராக இருந்தால், அதாவது ஜி மைனர், அதன் பி ஃப்ளாட்டோடு நம் பழைய நண்பர் 3இ மறுபடி முட்டுவார். அதே அரை-3இ மருந்து. மேலே 7இ-யும் பி-தான், அங்கே இந்த பெண்ட் கிடையாது, தாண்டிப் போய்விடுங்கள்.

எந்தப் பாட்டானாலும் ஒரே ஒரு நோட்டு மட்டும் கெடுகிறது

ஒன், ஃபோர், ஃபைவ் எதுவானாலும் 4இ மட்டும் மந்தமாக ஒலிக்கிறது என்றால் அந்த நோட்டை பெண்ட் இல்லாமல், மெதுவாக இழுத்து ஃபோனில் ட்யூனர் ஆப் வைத்துப் பாருங்கள். பலமாக இழுத்து பெண்ட் செய்து செய்து ரீடு களைத்து ஸ்ருதி இறங்கியிருக்கும். என் சி ஹார்ப்பில் முதலில் போனது 4இ. இரண்டு மாதம் நான் லிக்கை மாற்றி மாற்றிப் பார்த்தேன், தம்பி கார்டை மாற்றி மாற்றிப் பார்த்தான். கடைசியில் அவன் கீபோர்டைக் கொண்டுவந்து டி-யை அழுத்திக் காட்டினான். அந்த ஹார்ப் இப்போது என் பையனிடம் இருக்கிறது, அவன் அதை ஊத மட்டும் செய்கிறான்.